வீடு கட்டுமுன் நெல்லுக்கு இடம் பாருங்கள்

தை அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும்போதுதான் கிராமங்களில் வீட்டு வேலை தொடங்குகிறது. நல்ல நாள் பார்த்துக் கொத்தனாரை அழைத்து வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அறை?" என்பதே. டவுனில் சம்பந்தி வீட்டில் பார்த்த அமைப்பையே பதிலாகச் சொல்லிவிடுகிறார்கள். முன்னால் ஒரு ஹால், பக்கத்தில் படுக்கையறை, பின்னால் சமையலறை. மாதச் சம்பளக்காரருக்கு இது போதும். அவர் வீட்டுக்கு அரிசி பையில் வருகிறது. விவசாயியின் வீட்டுக்கு நெல் வண்டியில் வருகிறது. வந்து இறங்கும் நாளில்தான் அதற்கு இடமில்லை என்பது தெரிகிறது. சில மூட்டைகள் படுக்கையறைக்குள் போகும். மற்றவை களத்திலிருந்தே வியாபாரி கேட்ட விலைக்குப் போய்விடும்.

நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வழக்கமான விதி. வீட்டில் சேமிப்பதற்கு அதுவும் அதிகம். 14 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். காயவைக்கவும் காத்து வைக்கவும் இடம் உள்ளவர், விலை படியாத நாளில் "இப்போது கொடுப்பதாக இல்லை" என்று சொல்ல முடியும். ஆகவே சிறு விவசாயி வீட்டுப் படம் போடும்போது முதலில் குறிக்க வேண்டியது தானிய அறையைத்தான்.

தானிய அறை

75 கிலோ மூட்டைகள் இருபதை, நான்கு நான்காக ஐந்து அடுக்கு வைத்தால் தரையில் சுமார் 7 அடிக்கு 4 அடி இடம் பிடிக்கும். நாற்புறமும் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்க வேண்டும். ஆக, 10 அடிக்கு 8 அடி அறை போதும். அந்த இடைவெளியை வீண் என்று எண்ணிச் சுவரோடு ஒட்டி அடுக்குகிறவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் காணும்போது ஓரத்து மூட்டைகள் பூசணம் பிடிக்கின்றன. பின்பக்கம் எலி வளை போட்டாலும் கண்ணில் படுவதில்லை.

தரைக் கான்கிரீட் போடுமுன் அடியில் கனமான பாலிதீன் தாளை விரித்துவிட்டால் நிலத்து ஈரம் மேலே ஏறுவது தடைபடும். இதைப் பிறகு செய்ய முடியாது. அப்படிச் செய்தாலும் மூட்டைக்கு அடியில் பலகை வேண்டும். சன்னல் சிறியதாக, உயரத்தில், கம்பி வலை அடித்ததாக இருக்கட்டும். கதவின் அடியில் தகரப் பட்டை அடித்து, கால் அங்குலத்துக்கு மேல் சந்து விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்டெலிக்கு அதற்கு மேல் வழி தேவையில்லை.

தனி அறைக்கு வசதி இல்லாதவர்களே அதிகம். தமிழக அரசு 2024-ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு வகுத்த அளவு 360 சதுர அடி. இந்த அளவில் கட்டுகிறவர்களுக்குத் தகரக் குதிர்தான் ஏற்றது. 3 அடி விட்டமும் 5 அடி உயரமும் உள்ள குதிரில் 5 குவிண்டால் நெல் தாராளமாகக் கொள்ளும். தரையில் அது அடைக்கும் இடம் ஒரு பீரோவுக்கு வேண்டிய இடத்தைவிடச் சற்றே அதிகம். ஆனால் குதிர் வாசலில் நுழைய வேண்டும் அல்லவா? வழக்கமான 3 அடி நிலையின் உள்ளளவு அதற்கும் குறைவு. குதிர் வைக்கும் பக்கத்து நிலையை மூன்றரை அடியாகச் செய்யும்படி தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கான்கிரீட் தளம் போடுகிறவர்களுக்கு மாடியே உலர்களமாகிவிடுகிறது. நெல், கடலை, மிளகாய், உளுந்து எல்லாம் அங்கே காயலாம். இருந்தும் பல வீடுகளில் மாடி சும்மா கிடக்கிறது. காரணம் படிக்கட்டு. இடத்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணி இரண்டடி அகலத்தில் வளைத்து வளைத்துக் கட்டிய படியில், தலையில் கூடையோடு பெண்கள் ஏற முடியாது. படி 3 அடி அகலம் இருக்க வேண்டும்; ஒவ்வொரு படியும் 7 அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது; ஏற்றம் நேராக இருப்பது நல்லது. கைப்பிடிச் சுவரும் அவசியம், குழந்தைகள் பின்னாலேயே ஏறி வருவார்கள்.

வெயிலும் காற்றும்

திசை பார்ப்பது அவரவர் நம்பிக்கை. அதோடு வெயிலையும் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் சித்திரையில் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு நேராக வருகிறது. அப்போது சூடு ஏறுவது கூரையிலும் கிழக்கு, மேற்குச் சுவர்களிலும்தான். வீட்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமைந்தால் வெயில் படும் சுவர் குறையும். மாலை வெயில் தாழ்வாக வருவதால் மேற்குச் சன்னலுக்கு மேல் போடும் சன்ஷேடு அதைத் தடுக்காது. படிக்கட்டு, குளியலறை, ஏர்க்கருவி வைக்கும் இடம் ஆகியவற்றை மேற்கே தள்ளிவிட்டால் அந்தச் சூட்டை அவை வாங்கிக்கொள்ளும். விதை நெல்லை மட்டும் அந்தப் பக்கம் வைக்கக் கூடாது, சூட்டில் முளைப்புத் திறன் குறையும்.

கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கீழே விடுகிறது. தளத்தின் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு ஓடு பதிப்பது பழைய முறை. இன்றும் நல்ல முறை. அதற்குப் பணம் போதாவிட்டால் கோடைக்கு முன் ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புகிறார்கள். கால் பங்குச் செங்கல் மிச்சம், சூடும் குறைவு. பழகிய கொத்தனார் கிடைத்தால் மட்டும் இதில் இறங்க வேண்டும்.

கடலோர மாவட்டங்களில் வெயிலைவிடக் காற்றுக்கே முதலிடம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது ஓட்டுக் கூரைகளும் தகரக் கூரைகளும் பறந்தன. தகரம் போடுகிறவர்கள் ஆணி அடிக்காமல் கொக்கி போல்ட்டு கொண்டு சட்டத்தோடு முடுக்க வேண்டும். சட்டத்தையும் சுவரோடு கம்பியால் பிணைக்க வேண்டும். திண்ணைக் கூரையைத் தாய்க் கூரையின் நீட்சியாக இறக்காமல் தனியாகப் போடுவது மேல். காற்று அதைத் தூக்கினாலும் தாய்க் கூரை நிற்கும்.

மாட்டுக் கொட்டகை வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். பெரும்பாலான நாட்களில் காற்று வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போகும் பக்கமாக, 30 அடியாவது தள்ளி இருக்கட்டும். இரவில் மாடு கத்தினால் கேட்க வேண்டும் என்பதால் படுக்கையறையின் ஒரு சன்னல் அந்தப் பக்கம் திறந்திருப்பது நல்லது.

பூச்சி மருந்துக்கு வீட்டுக்குள் இடம் கிடையாது. பரணிலும் சமையலறை மாடத்திலும் வைத்த மருந்தால் போன உயிர்கள் கொஞ்சமல்ல. தெரியாமல் குடித்த குழந்தைகள் உண்டு, ஒரு நொடிக் கோபத்தில் எடுத்துக் குடித்த பெரியவர்களும் உண்டு. கையெட்டும் தூரத்தில் இல்லாதிருந்தால் அந்தக் கோபம் தணிந்திருக்கும். வெளிச்சுவரில், கதவும் பூட்டும் உள்ள ஓர் அலமாரியைக் கட்டும்போதே அமைத்துவிட்டால் செலவு மிகச் சொற்பம். சாவி ஒருவரிடம் இருக்க வேண்டும்.

கடைக்காலும் கடனும்

கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். மூன்றடிக் கடைக்கால் அதில் நிற்காது. விரிசல் சுவரில் ஏறும். அங்கே மட்டுமாவது பொறியாளர் ஒருவரிடம் யோசனை கேட்டுவிடுவது நல்லது. மற்ற மண்ணில், ஊரில் பெரியவர்கள் கண்ட அதிகபட்ச வெள்ள மட்டத்துக்கு மேல் தரை இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

பலர் கடன்படுவது அளவில்தான். எப்போதோ கட்டப் போகும் மாடிக்காகத் தூண் கம்பிகளை வானம் பார்க்க நீட்டி வைக்கிறார்கள். அவை துருப்பிடித்ததுதான் கண்ட பலன். அதற்குப் பதில் தரைத்தளத்திலேயே இரண்டு அறையை இப்போது கட்டி, மூன்றாவது அறை சேர வேண்டிய சுவரில் செங்கல்லைப் பல் விட்டு நிறுத்தலாம். பயிர்க்கடன் என்று வாங்கிய பணம் கடைக்காலில் இறங்கினால் அடுத்த போகத்துக்கு உரம் வாங்க வட்டிக்காரரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

படம் முடிவானதும் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, உள்ளே ஒரு கட்டிலையும் இரண்டு மூட்டைகளையும் வைத்து, வீட்டுப் பெண்களை நடந்து பார்க்கச் சொல்ல வேண்டும். எந்தக் கதவு எங்கே இடிக்கும் என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

கடைசியாகக் கிணற்றைப் பார்க்க வேண்டும். கான்கிரீட் தளத்தில் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்டி நிற்க வேண்டும். உப்பு நீர் கம்பியை அரித்துவிடும். சித்திரையில் வற்றும் கிணறாக இருந்தால் மாசிக்குள் தளம் போட்டு முடிக்கும்படி வேலையைத் தொடங்குவதே சரி.