வாசகர் இல்லாத ஆங்கிலம்

நம் பள்ளிகளில் ஆங்கிலத்தில் எழுதப்படும் கடிதங்கள் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. தலைமையாசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம், நண்பனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, பத்திரிகை ஆசிரியருக்குக் குப்பைமேடு பற்றிய புகார் எல்லாமே கைடிலிருந்து மனப்பாடமாகி, விடைத்தாளில் இறங்கி, மதிப்பெண்ணோடு முடிந்துபோகின்றன. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் மாணவர்கள் சொந்தமாக ஒரு பத்தி எழுதத் தயங்குகிறார்களே என்று வருந்துகிறோம். திருத்துபவரைத் தவிர வேறு வாசகரே இல்லாமல் எழுதியவர்களுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்?

கனடாவில், பாடங்களையே பிரெஞ்சில் படித்த, ஆங்கிலம் பேசும் குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பல ஆண்டுகள் கேட்டும் படித்தும் வந்ததால் அவர்களுக்குப் பிரெஞ்சு நன்றாகப் புரிந்தது. பேச்சிலும் எழுத்திலும் மட்டும் இலக்கணம் தடுமாறியது. தான் நினைப்பதைப் பிறருக்குப் புரியவைக்க முயலும்போதுதான் தன் மொழியில் எங்கே ஓட்டை என்று மாணவருக்கே தெரிகிறது என்பது அவர் வாதம். அப்படிப் புரியவைக்க ஒரு வாசகரை உருவாக்கித் தந்தவர்களும் உண்டு. பிரான்ஸின் பார்-சூர்-லூ கிராமத்தில் ஆசிரியர் செலஸ்டின் ஃப்ரெனே 1924இல் வகுப்பறைக்குள் சிறிய அச்சுக்கருவியைக் கொண்டுவந்து, பிள்ளைகள் எழுதியதை அச்சிட்டு, தொலைவிலிருந்த இன்னொரு பள்ளிக்கு அனுப்பினார். அது தாய்மொழியான பிரெஞ்சு வகுப்புதான். ஆனால் வகுப்புக்கு வெளியே பேச ஆளில்லாத மொழிக்கு இந்தத் தேவை கூடுமே தவிரக் குறையாது. நமக்கு அச்சுக்கருவிகூட வேண்டாம். தமிழில் நாம் நன்கறிந்த கையெழுத்துப் பத்திரிகை போதும். அதை ஆங்கிலத்தில் நடத்தி, பக்கத்து ஊர்ப் பள்ளியோடு மாற்றிக்கொள்ளலாம்.

மாணவர் எழுத்து பிழையோடு வெளியே போகலாமா என்று ஆசிரியர்கள் அஞ்சுவது நியாயமே. சிவப்பு மையால் இலக்கணம் திருத்துவது பயனற்றது என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஜான் ட்ரஸ்காட் 1996இல் வாதிட்டார். அதே துறை ஆய்வாளர் டேனா ஃபெரிஸ் அதைக் கடுமையாக மறுத்தார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்குப் பட்டது இது: வெளியாகப்போகும் பக்கம் என்றால் மாணவரே திருத்தம் கேட்டு வருவார். சாட்ஜிபிடி எழுதித் தந்துவிடுமே என்பது புதிய கேள்வி. அது மிக எளிதாக எழுதுவது அந்த விடுப்பு விண்ணப்பத்தைத்தான். இந்த ஆண்டு தங்கள் ஏரி ஏன் நிரம்பவில்லை என்பதை ஊர்ப்பிள்ளைதான் விசாரித்து எழுதவேண்டும். அடுத்த ஊரிலிருந்து கேள்வி வந்தால் பதிலும் சொல்லவேண்டும். நேரமில்லை என்ற மறுப்புதான் வலுவானது. நாற்பது பேர் வகுப்பில் இது கூடுதல் சுமையானால் ஒரு பருவம்கூடத் தாங்காது. ஆகவே மேல்நிலை வகுப்புகளில் அக மதிப்பீட்டுக்கென உள்ள 10 மதிப்பெண்ணில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கி, அந்த அளவுக்கு மாதிரிக் கடிதப் பயிற்சியைக் குறைக்க வேண்டும்.