மூட்டுக்குள் போகும் உலோகம்: கேட்டு வாங்க வேண்டிய சரக்கு



நமது தொழிலில் முதலில் தேய்வது முழங்கால்தான். காலையில் கடை திறந்து இரவு வரை நின்று, மூட்டை தூக்கி, குனிந்து நிமிர்ந்து முப்பது நாற்பது வருடம் ஓட்டியவர்கள் பலர் இன்று கல்லாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். மூட்டு மாற்று ஆபரேஷன் இப்போது உடுமலையில் தெருவுக்கு இருவர் செய்துகொண்ட விஷயம். ஆனால் மளிகை மொத்த வியாபாரியான நண்பர் ஒருவர் நான்கு வருடமாகத் தள்ளிப் போட்டு வருகிறார். "வாட்ச் கட்டினாலே கை புண்ணாகுதுங்க. இரும்பை உள்ளே வெச்சா உடம்பு ஏத்துக்குமுங்களா?" என்பது அவர் கேள்வி. எங்கள் வீட்டம்மாவுக்கும் இதே தொல்லை இருந்தது. கவரிங் தோடு போட்டால் காது கொப்பளித்துவிடும். அவருக்கு ஆபரேஷன் செய்ய அலைந்தபோது கேட்டறிந்ததையே இங்கு எழுதுகிறோம். முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல். திருப்பூர்ப் பக்கம் பனியன் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் பட்டனும் ஜிப்பும் 'நிக்கல் ஃப்ரீ' என்று சோதனைச் சான்று கேட்பார்கள். 1994-ல் ஐரோப்பிய நாடுகள் போட்ட சட்டம் அது. தோலில் தொடர்ந்து படும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்பது விதி. பட்டனுக்கே இவ்வளவு பார்க்கிறார்கள் என்றால் மூட்டுக்குப் பார்க்க வேண்டாமா என்று நமக்கும் தோன்றியது.

சாதாரணமாக வைக்கும் செயற்கை முழங்காலில், தொடை எலும்பின் முனையில் மாட்டும் பாகம் கோபால்ட் குரோமியம் கலவை. கீழ்த் தட்டு அதே கலவையாகவோ டைட்டானியமாகவோ இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக். கோபால்ட் குரோமியத்தில் நிக்கல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எலும்பு முறிவுக்கு வைக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேட்டிலோ 13 முதல் 15 சதவீதம் வரை உண்டு. ஆகவே முன்பு பிளேட் வைத்து ஒன்றும் ஆகவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்; அதுவும் ஒரு தகவல்.

நிக்கல் ஆகாதவர்களுக்கென்று இரண்டு மாற்று வகைகள் அதிகம் பேசப்படுகின்றன. ஒன்று கறுப்பு நிறத்தில் இருக்கும் ஆக்சிஜனேற்ற ஜிர்கோனியம். 97.5 சதவீதம் ஜிர்கோனியம், 2.5 சதவீதம் நியோபியம். காற்றில் சூடேற்றி மேற்பரப்பையே பீங்கான் போல ஆக்கிவிடுகிறார்கள். நிக்கல் அதில் இல்லை என்றே சொல்லலாம். மற்றொன்று 'கோல்டு' என்று விளம்பரம் செய்யப்படும் பொன்னிற மூட்டு. இதில் தங்கம் குந்துமணி அளவும் கிடையாது. டைட்டானியம் நைட்ரைடு போன்ற பூச்சின் நிறம்தான் அது. பல தயாரிப்புகளில் பூச்சுக்கு அடியில் இருப்பது அதே கோபால்ட் குரோமியம். பூச்சு உலோகம் வெளியே கசிவதைத் தடுக்கும், அது உண்மை. ஆனால் அடியில் என்ன உலோகம் என்று கேட்காமல் வாங்கக் கூடாது. முழுக்க டைட்டானியத்தில் செய்தால் என்ன என்று கேட்டோம். உராயும் இடத்தில் பூச்சில்லாத டைட்டானியம் கீறல் விழுந்து தேயுமாம்.

சிமெண்ட் வியாபாரம் செய்யும் அன்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சிமெண்டில் உள்ள குரோமியத்தால் கை வெடித்து அரிப்பவர்கள், மூட்டை 'சிமெண்ட்' வைத்து ஒட்டுவார்கள் என்று கேட்டுப் பயப்படுகிறார்கள். அது வேறு சரக்கு. பல் செட் செய்யும் அக்ரிலிக் இனத்தைச் சேர்ந்தது. அதுவும், அதில் கலக்கும் ஜென்டாமைசின் மருந்தும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் குரோமியம் ஆகாது என்பதை மட்டும் மறைக்காதீர்கள், மூட்டு உலோகத்தில் குரோமியம் உண்டு.

தோலில் அரிப்பு உள்ளவருக்கெல்லாம் மூட்டு கெட்டுவிடுமா? கெடாது. டென்மார்க்கில் அலர்ஜிச் சோதனைப் பதிவையும் இடுப்பு மூட்டு மாற்றியோர் பதிவையும் ஒப்பிட்டு 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. உலோக அலர்ஜி உள்ளவர்களுக்கு மறு ஆபரேஷன் கூடுதலாகத் தேவைப்பட்டதாக அதில் தெரியவில்லை. பெரும்பாலோருக்குச் சாதாரண மூட்டே போதும் என்பதுதான் டாக்டர்கள் பலரின் அபிப்பிராயம். ஆபரேஷனுக்குப் பிறகு வலியும் வீக்கமும் நீடித்தால்கூட முதலில் பார்க்க வேண்டியது கிருமித் தொற்று, மூட்டுத் தளர்வு. அதற்கெல்லாம் பிறகே அலர்ஜி.

2010 ஆகஸ்டில் ஜான்சன் அண்டு ஜான்சன் குழுமத்தின் டிபியூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டை உலகம் முழுவதிலுமிருந்து திரும்பப் பெற்றதைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். நமது நாட்டிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. அதில் உலோகத்தின் மேல் உலோகமே உராய்ந்து கோபால்ட், குரோமியத் துகள் உடம்பில் கலந்தது. முழங்காலில் நடுவே பிளாஸ்டிக் இருப்பதால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி விலை. 2017 ஆகஸ்டு 16-ல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை கட்டியது. அதுவரை சராசரியாக ரூ.1,58,324 அச்சிட்டு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு ரூ.54,720 ஆனது. ரூ.2,49,251 இருந்த டைட்டானியம், ஜிர்கோனியம் வகை சுமார் ரூ.76,600 ஆனது. ஜி.எஸ்.டி. தனி. இடையில் நின்ற லாபம் 300 சதவீதத்துக்கும் மேல் போயிருந்ததாம். துவரம்பருப்பில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் பார்க்க நாம் படும் பாடு நமக்குத்தான் தெரியும்! பிறகு இந்த வரம்பு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் போகும் நாளின் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது, அன்றைய கணக்கில் இரண்டு வகைக்கும் வித்தியாசம் சுமார் 22,000 ரூபாய்தான். எங்களிடம் ஓர் ஆஸ்பத்திரியில், அலர்ஜி என்று சொன்ன மாத்திரத்தில், 'கோல்டு' வைத்தால் பேக்கேஜில் 90,000 கூடும் என்றார்கள். எந்த வகையில் பில் போடுவீர்கள், மூட்டுக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று எழுதிக் கேட்டோம். பதில் வரவில்லை. வேறு இடம் போனோம்.

அங்கே டாக்டர் முதலில் தோல் டாக்டரிடம் அனுப்பினார். முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளில் நிக்கல், கோபால்ட், குரோமியம் முதலியவற்றை வைத்து, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். ஓரிரு நாள் விட்டு மறுபடி பார்க்கிறார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டம்மாவுக்கு நிக்கல் இடத்தில் கொப்புளமே வந்துவிட்டது. சாதாரண மூட்டே ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம், ஆனாலும் இவ்வளவு கடுமையாக இருப்பதால் ஜிர்கோனியம் வைக்கலாம் என்றார் டாக்டர். வைத்தோம். பில்லில் கம்பெனிப் பெயர், பேட்ச் நம்பர் எல்லாம் தனியாகப் போட்டு வாங்கினோம். பெட்டியில் வந்த ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தந்தார்கள். இப்போது மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லி, முதலில் அந்த ஒட்டுச் சோதனையையாவது செய்துகொள்ளச் சொன்னோம். வெயில் காலத்தில் வியர்வையில் ஒட்டு கழன்றுவிடும், மார்கழியிலேயே போய் வாருங்கள் என்றோம். பொங்கல் வியாபாரம் முடியட்டும் என்கிறார்.