‘நம்மகிட்ட என்ன சார் இருக்கு?’

திருப்பூரிலோ கரூரிலோ ஓர் ஏற்றுமதி நிறுவன முதலாளியிடம் கணினிப் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தால், “நம்மகிட்ட திருட என்ன சார் இருக்கு? நாம என்ன பேங்க்கா?” என்றுதான் பதில் வரும். அவரிடம் என்ன இருக்கிறது என்று திருடனுக்கு நன்றாகத் தெரியும். வெளிநாட்டு பையர் அவரை நம்புகிறார். ஒவ்வொரு ஷிப்மென்டுக்கும் பெரிய தொகை கைமாறுகிறது. பேச்சு முழுக்க மின்னஞ்சலில் நடக்கிறது. அந்தப் பெட்டியைக் காவல் காப்பவர் யாருமில்லை.

கணக்குப் பிரிவு ஊழியரின் பாஸ்வேர்ட் ஏதோ ஒரு போலிப் பக்கத்தில் பறிபோகிறது. உள்ளே வந்தவன் எதையும் தொடுவதில்லை. வாரக்கணக்கில் கடிதங்களைப் படிக்கிறான். சரக்கு கிளம்பியதும் பையருக்கு ஒரு மெயில் போகிறது: ‘எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை பேமென்டை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்.’ இன்வாய்ஸ் எண் சரி, தொகை சரி, எழுதும் பாணிகூடச் சரி. அனுப்பியவர் முகவரியில் மட்டும் ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நிற்கும். செல்போன் திரையில் வித்தியாசம் தெரியாது. பிறகு, பணம் கொடுத்தாயிற்று என்பார் பையர். வரவில்லை என்பார் முதலாளி. சரக்கோ கடல் தாண்டியிருக்கும்.

பெரிய இடத்துக்குள் புகவும் சிறியவர்களே வழி. 2013-ல் அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம் ஒன்றில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் களவு போனது. அந்தக் கும்பல் உள்ளே நுழையப் பயன்படுத்தியது, அங்கே குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரரின் பாஸ்வேர்டை. 2021 மே மாதம் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாய்ப் பாதை, ஹேக்கர்களின் தாக்குதலால் பல நாள் முடங்கியது. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை. அவர்களுக்குக் கொடுத்த பிணைத்தொகை சுமார் 44 லட்சம் டாலர். இவ்வளவுக்கும் கதவு திறந்தது, யாரும் பயன்படுத்தாமல் விட்ட ஒரு பழைய வி.பி.என். கணக்கு. அதில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை.

எனக்குப் பெரிய கவலை இந்த மூடாத கணக்குகள்தான். ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது சாவியை வாங்கிக்கொள்கிறோம், செட்டில்மென்ட் முடிக்கிறோம். மெயில் கணக்கை மட்டும், ‘பழைய கடிதம் ஏதாவது தேவைப்படும்’ என்று விட்டுவைக்கிறோம். கம்பெனி பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்ட், டிஸ்பாட்ச் பிரிவு வரை எல்லோருக்கும் தெரியும். யாரும் திறந்து பார்க்காத கணக்கில் எவன் வந்து உட்கார்ந்தாலும் கேட்க நாதியில்லை. பாஸ்வேர்டை மாற்றினாலும் தீராது: வரும் ஒவ்வொரு கடிதத்திலும் தனக்கும் ஒரு பிரதி வரும்படி அவன் செட்டிங்கில் ஏற்பாடு செய்திருந்தால், அது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அதை எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்?

சிறு நிறுவனங்களுக்குச் செலவு கட்டுப்படியாகாது என்ற வாதம் உண்டு. பழைய கணக்கை மூடவும், ஓ.டி.பி. கேட்கும் வசதியைப் போடவும் பெரும்பாலும் காசு வேண்டாம். ‘வங்கிக் கணக்கு மாற்றம் என்று மெயில் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் எங்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்’ என்று பையருக்கு இன்றே எழுதிவிடலாம். பணம் போய்விட்டது தெரிந்தால், அந்த நிமிடமே பையர் தன் வங்கியிடம் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கோர வேண்டும். இங்கே 1930 எண்ணில் புகார் பதிய வேண்டும். ஆடிட்டரைக் கேட்டுவிட்டு நாளை பார்க்கலாம் என்று தள்ளினால், அதற்குள் பணம் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும்.