ஏரிக்கரையில் கணக்குப் பாடம்

மைசூர் நகருக்குள் குக்கரஹள்ளி ஏரி இருக்கிறது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864-ஆம் ஆண்டு, வெட்டிய ஏரி. காலையில் கரையில் நடந்தால் கூழைக்கடாவைப் பார்க்கலாம். பெரிய பறவை. அலகின் கீழே பை தொங்கும். கன்னடத்தில் ஹெஜ்ஜார்லே என்பார்கள். நீர்க்காகமும் நாமக்கோழியும் உண்டு.

இந்தப் பறவைகளை எண்ணுகிறவர்களும் உண்டு. ஆசியாவின் பல நாடுகளில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைகளை எண்ணி எழுதுகிறார்கள். மைசூர் வட்டார ஏரிகளிலும் இது நடக்கிறது. 2014-இல் தொடங்கி மைசூர் நகரத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்துப் பறவைகளைக் குறித்தார்கள்.

இப்படி எழுதிய எண்களைப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமாக ஆக்கலாம். புத்தகக் கணக்குக்கு விடை கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஏரிக் கணக்குக்கு அப்படி இல்லை. எண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும்.

ஒரு பள்ளிப் பிள்ளைகள் ஐந்து நாள் காலையில் கூழைக்கடாவை எண்ணினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 6, 8, 7, 5, 74 என்று எழுதினார்கள். கூட்டினால் 100. ஐந்தால் வகுத்தால் 20. சராசரி 20.

கணக்கு சரிதான். ஆனால் ஏரியில் எந்த நாளாவது 20 பறவை இருந்ததா? இல்லை. ஐந்தாம் நாள் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அந்த ஒரு நாள் சராசரியை மேலே இழுத்துவிட்டது.

இதற்கு இன்னொரு வழி உண்டு. எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்துங்கள். 5, 6, 7, 8, 74. நடுவில் நிற்பது 7. இதை நடு எண் அல்லது இடைநிலை என்பார்கள். மற்ற நாட்களில் ஏரி எப்படி இருந்தது என்று 7 சொல்கிறது. 74-ஐ அழித்துவிடலாமா? கூடாது. அதுவும் கண்ணால் கண்டதுதான். அன்று ஏன் வந்தன என்று தேட வேண்டும்.

அடுத்த கேள்வி இதைவிட முக்கியம். சென்ற ஆண்டு 40 பறவை, இந்த ஆண்டு 90 பறவை. பெருகிவிட்டதா? சென்ற ஆண்டு ஒருவர் ஒரு கரையில் ஒரு மணி நேரம் நின்றார். இந்த ஆண்டு மூன்று பேர் ஏரியைச் சுற்றி வந்தார்கள். அதிகமானது பறவையா, பார்த்த கண்களா? ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்று ஊரார் மனு கொடுக்கிறார்கள். "பறவைதான் கூடியிருக்கிறதே" என்று அதிகாரி அந்த 90-ஐக் காட்டினால் மனு என்ன ஆகும்? அதனால் எண்ணின் பக்கத்தில் நாள், நேரம், எத்தனை பேர், எந்தக் கரை என்று எழுத வேண்டும்.

கேரளத்தில் 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுவதும் பறவைக் கணக்கு எடுத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். எல்லோரும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பட்டியல் என்று ஒரே அளவில் எழுதினார்கள். அதனால்தான் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடிகிறது.

பிள்ளைகள் தடுமாறும் இடம் இன்னொன்று உண்டு. பெரியவர்களும் தடுமாறுவார்கள். ஏட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அது 0-வா? போய்ப் பார்த்துப் பறவை இல்லை என்றால் 0. அன்று யாருமே போகவில்லை என்றால் காலி. காலியை 0 ஆக்கினால் சராசரி கீழே விழும். இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும்.

சிட்டுக்குருவியின் கதை தெரியுமா? நாடு முழுவதும் அது அழிந்து வருகிறது என்று பலரும் சொன்னார்கள். 2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கை வந்தது. பறவை பார்ப்பவர்கள் எழுதிய ஒரு கோடிக் குறிப்புகளை அதற்காக ஆராய்ந்தார்கள். பட்டியல் எழுதுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனார்கள். ஆகவே குருவிகளின் மொத்தத்தைப் பார்க்கவில்லை. நூறு பட்டியலில் எத்தனையில் சிட்டுக்குருவி இருக்கிறது என்று பார்த்தார்கள். சதவீதக் கணக்குதான்.

நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி 25 ஆண்டுகளாக ஏறக்குறைய அதே நிலையில் இருந்தது. பெங்களூர், சென்னை போன்ற பெருநகரங்களில் குறைந்திருந்தது. நகரத்தில் இருந்தவர்கள் தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். ஆனால் நாட்டுக்கே அதுதான் நிலை என்று எண்ணிவிட்டார்கள்.

2023-இல் அடுத்த அறிக்கை வந்தது. நீண்ட காலப் போக்கைக் கணக்கிட முடிந்தவை 338 வகைப் பறவைகள். அவற்றில் 204 வகை குறைந்திருக்கிறது. மயிலும் குயிலும் கூடியிருக்கின்றன.