'குடும்பக் காரணம்': லூயிஸ் என்ரிக்கே ஏன் விலகினார், ரசிகர்கள் எதை மறக்கவில்லை?

ஒரு கோச் 'குடும்பக் காரணம்'னு சொல்லிட்டுக் கிளம்பினா, நமக்கு முதல்ல வர்றது சந்தேகம்தான். நிர்வாகத்தோட சண்டையா? வேற கிளப்ல பெரிய சம்பளமா? பல நேரம் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருக்கும்.

2019-ல் ஸ்பெயினில் நடந்தது வேறு. மார்ச்சில் மால்டாவுடன் யூரோ தகுதிச்சுற்று ஆட்டம். தேசிய அணி கோச் லூயிஸ் என்ரிக்கே அங்கு இல்லை. துணை கோச் ராபர்ட் மொரேனோதான் அணியை நடத்தினார். ஜூனில் என்ரிக்கே பதவியையே விட்டார். காரணத்தை விளக்கவில்லை. ஆகஸ்ட் 29 அன்று அவரே அறிவித்தார்: 9 வயது மகள் ஷானா, எலும்புப் புற்றுநோயோடு 5 மாதம் போராடி இறந்துவிட்டாள். மார்ச்சிலிருந்து எண்ணிப் பாருங்க, கணக்கு சரியா வரும்.

ரியல் மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனாவுக்குப் போனவர் என்பதால் மாட்ரிட் ரசிகர்களுக்கு அவரைப் பிடிக்காது. அன்றைக்கு அந்த கிளப்பும் இரங்கல் சொன்னது.

நவம்பரில் பதவி திரும்பக் கிடைத்தது. அது அவ்வளவு சுமுகமாக இல்லை: மொரேனோ யூரோ வரை தானே தொடர விரும்பினார் என்று சொல்லி, அதை விசுவாசமின்மை என்றார் என்ரிக்கே.

2015-ல் பெர்லினில் பார்சிலோனாவுக்கு சாம்பியன்ஸ் லீக் வென்று தந்தபோது, மகளோடு மைதானத்தில் கிளப் கொடியை நட்டார். 2025 மே 31, மியூனிக்: இப்போது அவர் பிஎஸ்ஜி கோச். இன்டரை 5-0 என வென்றதும் கேலரியில் ரசிகர்கள் ஒரு பிரம்மாண்ட பேனரை விரித்தார்கள். அதே காட்சி. அப்பா கொடி நடுகிறார், பக்கத்தில் பிஎஸ்ஜி ஜெர்சியில் ஷானா.