மாதர் சங்கக் கூட்டமும் வீட்டுப் பத்திரமும்

மாதர் சங்கக் கூட்டம் என்றதும் நம்மிற் பலருக்கு ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். பாடசாலை மண்டபத்தில் கதிரைகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். தலைவி வரவேற்பார். செயலாளர் சென்ற கூட்ட அறிக்கையை வாசிப்பார். விசேட பேச்சாளர் அரை மணி நேரம் உரையாற்றுவார். பின்னர் நன்றியுரை, தேநீர், ஒரு புகைப்படம். பேச்சாளர் என்ன சொன்னார் என்று அடுத்த வாரம் கேட்டால், "நல்லாத்தான் பேசினார்" என்பதற்கு மேல் பதில் கிடைப்பது அரிது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு என்று கரையோரம் நெடுகிலும் உள்ள ஊர்களில் பெண்கள் கூடிச் சேமிக்கிறார்கள், சீட்டுப் பிடிக்கிறார்கள், தைக்கிறார்கள், வீட்டுத்தோட்டம் செய்கிறார்கள். மருதமுனையில் கைத்தறியும் உண்டு. இவை பயனுள்ள வேலைகளே. ஆனால் வயலையும் வீட்டையும் இழந்து வேறிடத்தில் குடியேறிய குடும்பங்களுக்குச் சங்கம் இன்னுமொரு வேலையையும் செய்ய வேண்டும். அதைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

ஒரு பேச்சிலிருந்து பிறந்த சங்கம்

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய் வாழ்ந்தார். 1889 இல் அவருடைய கடைசிக் குழந்தை 14 மாத வயதில் இறந்தது. கெட்டுப்போன பாலே காரணம் என்று சொல்லப்படுகிறது. அதன் பின் அவர், பெண்கள் வீட்டுச் சுகாதாரத்தைக் கற்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். கமக்காரர் சங்கமொன்றின் கூட்டத்துக்கும் அவரை விருந்தினராக அழைத்தார்கள். பயிருக்கும் கால்நடைக்கும் ஆண்கள் சங்கம் வைத்திருப்பது போல வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் பெண்கள் சங்கம் வைக்கலாமே என்பது அவர் கருத்து. அதன் பயனாக 1897 பெப்ரவரி 19 அன்று ஸ்டோனி கிறீக் என்னும் ஊரில் 101 பெண்கள் கூடி முதலாவது கிராமிய மாதர் நிலையத்தைத் தொடங்கினார்கள்.

அந்த யோசனையை இலங்கைக்குக் கொண்டுவந்தவர் வைத்தியர் மேரி இரத்தினம். கனடாவில் பிறந்து, 1896 இல் வைத்தியராக இங்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டவராகவே வாழ்ந்தவர் அவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று போராடியவர்களுள் ஒருவர். 1930 இல் அவர் தொடங்கிய லங்கா மகிளா சமித்தி, கிராமப் பெண்களுக்குச் சுகாதாரம், போசாக்கு, தோட்டம், கைப்பணி ஆகியவற்றைக் கற்பித்தது. 1958 இல் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பேச்சு ஒரு வீட்டில் எழுந்த கேள்வியிலிருந்து தொடங்கியது. பேச்சு முடிந்ததும் செயல் தொடங்கியது. நமது கூட்டங்களில் இந்த இரண்டுமே குறைவாக இருக்கின்றன.

நமது வீட்டில் எழும் கேள்வி

கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் ஒரு பழைய வழக்கம் உண்டு. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடும் வளவும் அவளுக்கே கொடுக்கப்படும். மருமகன் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். பெற்றோர் அடுத்த மகளுக்கு வேறொரு வீடு கட்டத் தொடங்குவர். சீதனம் பெற்றோருக்குப் பெருஞ்சுமை என்பதை நாம் மறுக்கவில்லை. என்றாலும் இந்த வழக்கத்தால் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு கூரை இருந்தது.

2004 டிசம்பர் 26 அன்று வந்த கடலலை அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. இலங்கையில் மிக அதிகமான உயிர்ச்சேதம் இம்மாவட்டத்திலேயே ஏற்பட்டது. பின்னர் 2005 இல், கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்தத் தூரம் பிற்பாடு தளர்த்தப்பட்டாலும், பல குடும்பங்கள் சீதன வளவை விட்டுப் புதிய குடியேற்றங்களுக்குப் போயின. அங்கு நிரப்பப்பட்ட படிவங்களில் "குடும்பத் தலைவர்" என்ற இடத்தில் பெரும்பாலும் கணவனின் பெயரே எழுதப்பட்டது. உம்மா கொடுத்த வீடு போய், வாப்பாவின் பெயரில் வீடு வந்தது. யாரும் வேண்டுமென்று செய்த தீங்கல்ல இது. படிவத்தில் இருந்த ஒரு சொல் செய்த வேலை.

அதனால் என்ன என்று கேட்கலாம். உறுதிக் காணியில் உள்ள வீடு கணவன் பெயரில் இருந்து அவர் மௌத்தானால், பிள்ளைகள் உள்ள மனைவிக்கு முஸ்லிம் வாரிசுரிமைப்படி எட்டில் ஒரு பங்கே சேரும். மார்க்கம் வகுத்த பங்கில் குறையில்லை. அவளுக்கு உரியதாக இருந்த வீட்டின் இடத்தில் வந்த வீடு அவருடைய சொத்தாக எழுதப்பட்டதே குறை.

அரசாங்க அனுமதிப்பத்திரக் காணிக்கு வேறு சட்டம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பத்திரம் பெற்றவர் தமக்குப் பின் உரித்தாகுபவரை நியமித்துப் பதிவு செய்யலாம். நியமிக்காமல் இறந்தால் சட்டம் வகுத்த வரிசைப்படியே காணி போகும். அந்த வரிசையில் நெடுங்காலமாக மகளுக்கு முன் மகனே நின்றான். 2022 இல் வந்த திருத்தம் ஆண், பெண் என்ற அந்த வேறுபாட்டை நீக்கியது. ஆனால் சட்டம் மாறினாலும் பெட்டிக்குள் இருக்கும் பத்திரம் தானாக மாறாது. 1990 வன்செயலில் வயற்காணியை விட்டு ஓடிவந்து, பத்திரம் யார் கையில் இருக்கிறது என்றே அறியாத குடும்பங்களுக்கு இது இன்னும் அவசரமான காரியம்.

யாரை அழைப்பது, என்ன கேட்பது?

ஆகவே பேச்சாளரை அழைக்குமுன் கேள்வியைத் தயாரிப்போம்.

முதலில் பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தரை அழைக்கலாம். "காணிச் சட்டம் பற்றிப் பேசுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் பொதுவான பேச்சே கிடைக்கும். மாறாக, இப்படிக் கேளுங்கள்: எங்கள் குடியேற்றத்துக்கு வழங்கப்பட்டது அனுமதிப்பத்திரமா, அளிப்பா, உறுதியா? பின்னுரித்தாளரை நியமிக்க எந்தப் படிவம், என்னென்ன சான்றுகள்? பத்திரம் தொலைந்திருந்தால் யாரிடம் போவது?

அடுத்து ஒரு சட்டத்தரணியை அழைக்கலாம். கணவன் விரும்பினால் வீட்டை மனைவிக்கோ மகளுக்கோ நன்கொடை உறுதியாக எழுதலாமா, செலவு எவ்வளவு என்று அவரிடம் கேட்கலாம். அந்தக் கூட்டத்துக்கு ஆண்களையும் அழையுங்கள். கணவனும் பக்கத்தில் இருந்து கேட்டால் வீட்டில் பாதி வேலை முடிந்தது போலத்தான்.

குடும்பநல உத்தியோகத்தர் வந்தால் பேச்சோடு செய்முறையும் கேளுங்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பக்கற் கைவசம் இல்லாதபோது, சுத்தமான ஒரு லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். இதை எல்லோர் முன்னிலையிலும் ஓர் அங்கத்தவர் செய்து காட்டட்டும்.

கடன் கொடுக்கும் கம்பனிக்காரரும் பேச்சாளராக வருவதுண்டு. வாரத் தவணை எவ்வளவு என்பதோடு விடாமல், வருட முடிவில் மொத்தமாக எவ்வளவு கட்டியிருப்போம், ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும் என்பவற்றையும் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.

பேச்சாளர் போன பின்பு

பேச்சாளர் போன பின்புதான் சங்கத்தின் வேலை தொடங்குகிறது. சொன்னவற்றை மூன்று வரியில் அறிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள். யார் எந்த அலுவலகத்துக்கு எந்த நாளில் போவது என்று தீர்மானியுங்கள். தனியே போகத் தயங்கும் ராத்தாவோடு இன்னும் இருவர் போகட்டும். எழுத வாசிக்கத் தெரியாத மூத்தம்மாவின் பத்திரத்தைப் படித்த பிள்ளை ஒன்று உரக்க வாசித்துக் காட்டட்டும். எல்லாப் பத்திரங்களுக்கும் போட்டோப் பிரதி எடுத்து, பொலித்தீன் உறையிலிட்டு, ஒன்றை வேறூரில் உள்ள உறவினரிடம் வையுங்கள். வெள்ளமும் கடலும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

கூட்ட நேரத்தையும் யோசித்து வையுங்கள். லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரம் பலருக்கு வசதி. அறுவடைக் காலத்திலும் நோன்பு மாதத்திலும் கூட்டத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். பக்கத்துத் தமிழ்க் கிராமத்துச் சங்கத்தையும் அழையுங்கள். சீதன வீட்டு வழக்கம் இருபக்கத்துக்கும் பொது. இழப்பும் பொது. காணிக் கந்தோரின் வாங்கில் இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதே ஒரு நல்ல அபிவிருத்தி.

அடுத்த கூட்டத்துக்கு மாலை வாங்குமுன், ஒவ்வோர் அங்கத்தவரும் தம் வீட்டுப் பத்திரத்தை எடுத்து, அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்து வரட்டும். கூட்டத்தில் முதலாவது விடயம் அதுவாக இருக்கட்டும்.