வண்டி இழுக்கவில்லையா? போரிங்குக்கு முன் கிளட்சைப் பாருங்கள்

நம் வணிகர்கள் பலருக்கு, கடைச் சரக்குக்கு அடுத்த மூலதனம் வாசலில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிள்தான். 1985-இல் வந்த சிடி 100, 1994-இல் வந்த ஸ்பிளெண்டர், அதற்கும் மூத்த புல்லட் என்று எதுவானாலும், பின்னால் ஓர் அரிசி மூட்டையும் பக்கத்தில் ஓர் எண்ணெய் டின்னும் ஏறாமல் அது நகருவதில்லை. (மூட்டை முன்பு 25 கிலோ, 2022 ஜூலைக்குப் பிறகு 26 கிலோவாகவும் வருகிறது. காரணம் நமக்குத் தெரியாததல்ல!)

இப்படிப்பட்ட வண்டி ஒருநாள் "இழுக்கவில்லை" என்றதும் "இன்ஜின் போய்விட்டது, போரிங் போடவேண்டும்" என்ற பேச்சு எழும். கிளட்ச் பிளேட் மாற்றுவதைப்போல் பல மடங்கு செலவு அது. எனவே சம்மதம் சொல்லுமுன் நம் காதைச் சற்றுக் கொடுத்துக் கேட்போம்.

இன்ஜினில் பலம் குறைந்தால், ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது சத்தமும் ஏறாது, வேகமும் ஏறாது. கார்ப்பரேட்டர் அடைப்பும், பிரேக் பிடித்தபடி இருப்பதும் இவ்விதமே. கிளட்ச் வழுக்கினால் கதை வேறு: சத்தம் மட்டும் சட்டென்று உயரும், வண்டி அதே வேகத்தில் போகும். இன்ஜின் சுற்றுகிறது, அந்தச் சுற்று சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குச் சமதளத்தில் போய்வரும் வரை இக்குறை தெரியாமலே இருக்கும். ரயில்வே மேம்பாலத்தில் சுமையோடு ஏறும்போது முதலில் தலைகாட்டும். சிறுமலைக்குப் போகிறவர்களுக்கு 18 கொண்டை ஊசி வளைவுகளும் சோதனைச் சாலைதான். இறங்கும்போது இன்ஜின் பிடித்து நிறுத்தும் உதவியும் குறையும். முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். ஆகையால் இதைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

ஆளில்லாத நேரான சாலையில் டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்ஸிலேட்டரை முழுதாக முறுக்கிப் பாருங்கள். சத்தம் தாவினால் சந்தேகமே வேண்டாம். புல்லட் வைத்திருப்போர், கிக்கரை மிதிக்கும்போது இன்ஜினைச் சுற்றாமல் கால் வெறுமனே இறங்குகிறதா என்றும் கவனிக்கலாம். கிக்கர் பல் தேய்ந்தாலும் அப்படி நேரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

வழுக்கல் உறுதியானாலும் உடனே பிளேட் வாங்க ஓடவேண்டியதில்லை. முதலில் லீவரைப் பாருங்கள். அதன் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வாக ஆடவேண்டும். ஆட்டமே இல்லாமல் கேபிள் விறைத்திருந்தால் கிளட்ச் எப்போதும் பாதி அமுங்கியே இருக்கும். அட்ஜஸ்டரைச் சற்றுத் திருகினால் போதும், செலவில்லை.

அடுத்தது ஆயில். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று கார் ஆயில் ஊற்றினால், சில வகைகளில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் பிளேட்டையும் வழுக்கச் செய்யும். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய புல்லட்டில் கிளட்சுக்குத் தனி அறை, தனி ஆயில். அங்கும் கண்டதை ஊற்றக்கூடாது.

இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் கவரைத் திறக்கவேண்டும். நம் தொழிலில் கிளட்ச் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் இருக்கிறது. கடைவீதி நெரிசலில் சுமையோடு லீவரைப் பாதி பிடித்தபடியே ஊர்கிறோம். பிளேட் சூடாகித் தேய்கிறது. கருகிய வாடை ஆயிலில் வீசும், இரும்புப் பிளேட் நீலம் பாய்ந்திருக்கும். நீலம் பாய்ந்ததைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்து, கோணியிருந்தால் மாற்றிவிட வேண்டும். ஸ்பிரிங்குகள் நீளம் குறைந்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றவேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் அழுத்தம் சமமாக விழாது. புதுப் பிளேட்டை ஆயிலில் ஊறவைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி, புதியதன் பக்கத்தில் வைத்துத் தடிமனைப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால், மெக்கானிக்கிடம் இன்னொரு கேள்வி கேட்கவேண்டியிருக்கும்.